உள்ளே கட்டில், அடியில் துரு: பழைய கேம்பர் வேன் வாங்கிய அனுபவம்

கேம்பர் வேன் விற்பவர் முதலில் காட்டுவது கட்டிலைத்தான். பின்கதவைத் திறந்து மெத்தையைத் தட்டிக் காட்டுவார். அப்புறம் குட்டி ஃபிரிட்ஜ், சிங்க், வரிசையாக எல்.இ.டி. விளக்கு, கூரையில் சோலார் பலகை. அதற்குள் நம் பிள்ளைகள் ஏறிப் படுத்திருப்பார்கள். இறங்கமாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யாரால் விலையைக் குறைத்துப் பேச முடியும்?

அதனால் வீட்டில் முதலிலேயே ஒன்று முடிவு செய்தோம். முதல் தடவை வண்டி பார்க்கப் பிள்ளைகள் வரவேண்டாம். வேனின் அடிப்பாகம், என்ஜின், காகிதம் எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் கட்டில். பழைய கேம்பர் வேனுக்கு நியாயமான விலை எது என்றால், உள்ளே இருக்கிற சாமான் அத்தனையையும் மனசுக்குள் கழற்றி வைத்துவிட்டு, மிச்சம் நிற்கிற வேனுக்கு என்ன கொடுப்போமோ அதுதான். உள்வேலைக்கு விலை கடைசியாகப் பேசுவது, அதுவும் அளவாக. ஏனென்றால் வேனில் உள்ள கோளாறை மறைப்பதே அந்த உள்வேலைதான். தரையில் ஒட்டிய விரிப்பு, பக்கத்தில் அடித்த பிளைவுட், கட்டிலுக்கு அடியில் செய்த பெட்டி, இவற்றுக்குப் பின்னால்தான் துருவும் சேறும் இருக்கும்.

எங்களுக்கு வேன் தேவைப்பட்டது அம்மாவுக்காக. முதுகெலும்புத் தேய்மானம். ஒரு மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது, படுக்க வேண்டும். ஆனால் பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்குப் போகாமல் இருக்கமாட்டார். இந்தத் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சாஸ்தா கோயில் எங்கோ குளத்தங்கரையிலோ காட்டுக்குள்ளேயோ இருக்கும். அன்றைக்கு ஒருநாள் கூட்டம் அலைமோதும், நிழலுக்கு ஒரு மரம் கிடைப்பதே பெரிசு. குற்றாலத்துக்குப் போனாலும் திருச்செந்தூருக்குப் போனாலும் அதே பாடுதான். படுக்கவும் அவசரத்துக்கு ஒதுங்கவும் வண்டியிலேயே இடம் இருந்தால் அம்மாவை விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை.

இரண்டு பேர் மட்டும் போகிறவர்களுக்கு மாருதி ஈகோவே போதும் என்பேன். பின்னால் பலகை அடித்து மெத்தை போட்டுக்கொண்டு நன்றாகச் சுற்றுகிறார்கள். எங்களுக்கு உள்ளே நிமிர்ந்து நிற்கும் உயரம் வேண்டும் என்பதால் ஃபோர்ஸ் டிராவலர்தான் சரி என்று பட்டது. டூரிஸ்ட் வேன் ஸ்டாண்டு இருக்கிற ஊரில் எல்லாம் அது நிற்கிறது. வள்ளியூரில் நின்றுபோனாலும் சங்கரன்கோவிலில் நின்றுபோனாலும் அதைத் தெரிந்த மெக்கானிக் கிடைப்பார், ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்கும். மாடல் பெயரோடு 3050, 3350, 3700, 4020 என்று வருகிற எண் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம், மில்லிமீட்டரில். நம் ஊர்த் தெரு முக்குகளில் திரும்ப வேண்டுமென்றால் கடைசி இரண்டையும் மறந்துவிடலாம்.

வண்டி பார்க்கப் போவதற்கு முன் ஆள் பார்த்தேன். தச்சநல்லூர்ப் பக்கம் டிராவலர் வேலையே அதிகம் பார்க்கிற மெக்கானிக் ஒருவர். "அண்ணாச்சி, வாங்கினாலும் வாங்காட்டாலும் நீங்க வந்து பாக்கிற ஒவ்வொரு தடவைக்கும் உங்க கூலி உங்களுக்கு" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அவருக்கு அது பிடித்திருந்தது. "அப்பம் நான் உள்ளதை உள்ளபடி சொல்லுவேன். பெறகு சங்கடப்படக் கூடாது" என்றார். கூலி பேசாமல் நட்புக்காகக் கூட்டிப்போகும் மெக்கானிக்குக்கு விற்பவரோ புரோக்கரோ கமிஷன் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு. அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது, அவர் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுத்தானே வருகிறார். பழுது பார்ப்பவருக்கு நாம் பணம் கொடுத்தால் அவர் நம் ஆள்.

திருநெல்வேலிச் சீமையில் வேனைத் தின்பவை இரண்டு. ஒன்று கடற்கரை உப்புக்காற்று. திருச்செந்தூர், மணப்பாடு, உவரி வரிசையில் வருஷக்கணக்காக நின்ற வண்டி மேலே பளபளவென்று இருக்கும், அடியில் போயிருக்கும். அந்தப் பக்கம் பார்த்த ஒரு வேனில் அண்ணாச்சி அடியில் படுத்துக்கொண்டு ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல தகடு கணீரென்று கேட்கும், துருப்பிடித்தது மந்தமாகக் கேட்கும். பின்சக்கரத்துக்கு முன்னால் ஓர் இடத்தில் சத்தம் மாறியது. ஸ்குரூ டிரைவரைத் திருப்பி நுனியால் அமுக்கினார், அது தகட்டுக்குள் இறங்கிவிட்டது. மேலே புத்தம்புதுசாகக் கறுப்பு அண்டர்கோட்டிங் அடித்திருந்தார்கள். பழைய வண்டியில் அடிப்பாகம் மட்டும் புதுக் கறுப்பாக இருந்தால் அங்கேதான் தட்டிப் பார்க்க வேண்டும். பிரேக் பைப், பட்டை ஸ்பிரிங் மாட்டும் இடம், சேஸிஸின் குறுக்குச் சட்டம், படிக்கட்டுக்கு உள்பக்கம் இவ்வளவும் பாருங்கள். தகடு வைத்து வெல்டு பண்ணித் தருகிறேன் என்றார் விற்க வந்தவர். கட்டிலின் இரும்புச் சட்டமே அந்தத் தரையில்தான் போல்ட் போட்டிருந்தது. விலையைப் பாதியாகக் குறைத்தாலும் அந்த வண்டி வேண்டாம் என்று வந்துவிட்டோம். சேஸிஸ் துருவுக்கு நியாயமான விலை என்று ஒன்று கிடையாது.

இரண்டாவது, வெள்ளம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்னும் பல வருஷத்துக்கு இந்த வண்டிகள் கைமாறிக்கொண்டே இருக்கும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. தாமிரபரணி கரைபுரண்டு ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு, வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் எல்லாம் தண்ணீர். கீழே ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் பக்கம் இன்னும் மோசம். தெருவில் நின்ற வண்டி, ஷெட்டில் நின்ற வண்டி எல்லாம் முங்கின. அவற்றில் ஒரு பகுதி காயலான் கடைக்குப் போனது. மிச்சம் கழுவித் துடைத்து ஓடவைக்கப்பட்டது. ஓடவைத்ததில் தப்பு இல்லை, அது ஒவ்வொருவர் பிழைப்பு. வாங்குபவரிடம் சொல்லாமல் விற்பதுதான் தப்பு.

பைபாஸ் ஓரம் ஒரு யார்டில் அப்படி ஒரு கேம்பர் வேன் நின்றது. உள்ளே தேக்கு நிறத்தில் புதுப் பிளைவுட், தரையில் புது வினைல், மூக்கைத் துளைக்கும் கார் சென்ட். விலையும் மற்றவற்றைவிடக் கணிசமாகக் குறைவு. அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை மெதுவாக இழுத்தார். இழுத்தார், இழுத்தார், இனி வராது என்கிற கடைசி வரைக்கும் இழுத்தார். எப்போதும் சுருண்டே கிடக்கும் அந்தக் கடைசி முழத்தில் குறுக்கே பழுப்பாக ஒரு கோடு இருந்தது. விரலால் சுரண்டினார், மாவு மாதிரி வண்டல் உதிர்ந்தது. சீட்டையும் விரிப்பையும் மாற்றுகிறவர்கள் பெல்ட்டின் உள்முனையைக் கழுவுவதில்லை.

"இங்க பாருங்க, இன்னொண்ணும் காட்டுதேன்" என்று சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்தார். சீட்டைத் தரையோடு பிடிக்கும் போல்ட்டுகளில் துரு. வெயிலும் மழையும் படாத இடம் அது, அங்கே துரு வரக் காரணமே இல்லை. ஃபியூஸ் பெட்டியைத் திறந்தோம். ஃபியூஸ் எல்லாம் புதுசு, ஆனால் அடியில் செம்பு முனைகளில் பச்சை பூத்திருந்தது. நழுவுகதவின் கீழ்த்தண்டவாளத்தில் மூலையில் மண். ஹெட்லைட்டுக்கு உள்ளே ஆவி படிந்த தடம். கடைசியாகச் செய்ததுதான் எனக்குப் புதுசு. பின் ஆக்ஸில் நடுவே இருக்கும் கிரவுன் ஹவுசிங்கின் பிளக்கைத் தளர்த்தி ஒரு மூடி அளவு ஆயில் பிடித்தார். பால் அதிகம் ஊற்றிய காப்பி நிறத்தில் வந்தது. ஆயிலில் தண்ணீர் கலந்தால் அப்படித்தான் ஆகும். கிரவுனுக்கு மேலே காற்றுப் போகச் சின்ன ஓட்டை உண்டு. வண்டி முங்கி நிற்கும்போது அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். என்ஜின் ஆயிலை எல்லோரும் மாற்றுவார்கள். கியர் பாக்ஸையும் கிரவுனையும் பலர் மறந்துவிடுவார்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டி உடனே படுத்துவிட்டால் பரவாயில்லை. அது நன்றாக ஓடும். சில மாசம் கழித்து ஆல்டர்னேட்டர் போகும், அப்புறம் ஸ்டார்ட்டர் மோட்டார், அப்புறம் வீல் பேரிங். வயரிங்கில் எங்கே பச்சை பூத்திருக்கிறது என்று கண்டுபிடிக்கிறதுக்குள் பையில் உள்ளது காலி. அதிலும் கேம்பர் வேனில் கூடுதலாக ஒரு செட் வயரிங் ஓடுகிறது.

நேரில் பார்ப்பதற்கு முன்னாலேயே காகிதத்தில் பார்க்கும் வழி ஒன்றும் உண்டு. இன்சூரன்ஸ் பாலிசியில் என்.சி.பி., அதாவது நோ க்ளெய்ம் போனஸ் தள்ளுபடி என்று ஒரு சதவீதம் போட்டிருக்கும். க்ளெய்ம் வாங்காத ஒவ்வொரு வருஷத்துக்கும் 20, 25, 35, 45, 50 என்று அது ஏறும். சொந்த வண்டிச் சேதத்துக்கு க்ளெய்ம் வாங்கினால் பூஜ்யத்துக்கு வந்துவிடும். எனவே விற்பவரிடம் கடைசிப் பாலிசியை மட்டும் கேட்காமல், 2023 டிசம்பருக்கு முன்னால் எடுத்தது, அதற்கு அடுத்து எடுத்தது என்று இரண்டையும் கேளுங்கள். முன்னதில் 35 இருந்து பின்னதில் பூஜ்யம் என்றால் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. பாலிசி காலாவதியாகி 90 நாளுக்கு மேல் விட்டாலும், வண்டி கைமாறினாலும் பூஜ்யமாகும் என்பதால் நேராகவே விசாரித்துவிட வேண்டும். வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் எடுத்த வண்டியில் இந்தத் தடயம் கிடைக்காது. அங்கே சீட் பெல்ட்தான் சாட்சி.

செங்கோட்டைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கே.எல். (கேரளா) வண்டி ரொம்ப மலிவாகத் தெரிந்தது. அடிப்பாகம் சுத்தம், என்ஜின் சுத்தம். அது காகிதத்தில் நின்றுபோனது. ஆர்.சி.யில் வண்டி வகை சாதாரணப் பயணிகள் வேன், அத்தனை சீட் என்று இருந்தது. உள்ளே சீட்டே இல்லை, கட்டிலும் அடுப்பும்தான். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. கேம்பர் வேன் என்றால் ஆர்.சி.யின் வண்டி வகையில் மோட்டார் கேரவன் அல்லது கேம்பர் வேன் என்று இருக்க வேண்டும். மோட்டார் கேரவனுக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்று தனித் தரவிதியே இருக்கிறது. வகை மாறாமல் உள்ளே மட்டும் மாற்றிய வண்டி எஃப்.சி. என்கிற தகுதிச் சோதனையிலோ, ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்கும்போதோ மாட்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மறுக்க ஒரு காரணம் கையில் கிடைக்கும். எம்பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டாலே வகை, எஃப்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று தேதிகள், கடன் கொடுத்த கம்பெனியின் பெயர் எல்லாம் வந்துவிடும். வீட்டில் உட்கார்ந்தபடி இதைப் பார்த்தாலே பாதி அலைச்சல் மிச்சம்.

வேறு மாநில வண்டியில் இன்னொரு செலவு ஒளிந்திருக்கிறது. அங்கே ஆர்.டி.ஓ.விடம் ஃபார்ம் 28 போட்டு என்.ஓ.சி. என்கிற ஆட்சேபணை இல்லாச் சான்று வாங்க வேண்டும், இங்கே புதுசாக நம்பர் வாங்க வேண்டும், வண்டியின் வயசுக்கு ஏற்ப தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டும். ஏற்கெனவே அங்கே கட்டிய வரியில் மிச்சத்தைத் திரும்பக் கேட்பது தனி அலைச்சல். இவ்வளவையும் கூட்டினால் அந்த மலிவு, மலிவாக இல்லை. வாடகைக்கு ஓடும் டி போர்டு வண்டியைச் சொந்த உபயோகத்துக்கான ஓன் போர்டு ஆக்குவதும் அப்படித்தான். பெர்மிட்டை ஒப்படைத்து, வரி வித்தியாசம் கட்டி, ஆர்.சி. மாறி வந்த பிறகு முழுப் பணம் தருகிறேன் என்று சொல்லுங்கள். விற்பவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் விட்டுவிடலாம்.

கடைசியில் நாங்கள் வாங்கியது சுரண்டைப் பக்கம், ரிட்டயர்டான ஒரு வாத்தியாரிடம். 2016 மாடல், டி.என். 76, ஓன் போர்டு. ஆர்.சி.யில் வகை சரியாக இருந்தது. அவரும் மனைவியும் சுற்றுவதற்காக வைத்திருந்தது. அந்த அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனதால் ஷெட்டிலேயே நின்றுவிட்டது. ஒன்பது லட்சம் சொன்னார். "உள்வேலைக்கு மட்டும் மூணரை லட்சம் ஆயிருக்கு தம்பி" என்றார்.

முந்தின நாள் ராத்திரியே போன் செய்து, நாங்கள் வருகிறவரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். காலையில் முதல் ஸ்டார்ட்டில்தான் டீசல் என்ஜின் உண்மை பேசும். போனதும் என்ஜின் மூடியில் கையை வைத்துப் பார்த்தோம், குளிர்ந்திருந்தது. ஸ்டார்ட் ஆனதும் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து நின்றது. பழைய டீசலுக்கு அது சகஜம். நீலப்புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தார் அண்ணாச்சி. குபுகுபுவென்று புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும். இதில் லேசான காற்றுதான்.

கிலோமீட்டர் குறைவாக இருந்தது. அதை வாத்தியார் பெருமையாகச் சொன்னார். நின்ற வண்டிக்கு அது பெருமை இல்லை. டயரில் பட்டன் (தேயாத மேல்கட்டை) நிறைய இருந்தது, ஆனால் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருக்கிற நாலு எண்ணைப் படித்தால் 2418. அதாவது 2018-ஆம் வருஷம் 24-ஆவது வாரம் செய்தது. ஓரத்தில் மயிரிழை வெடிப்பு ஓடியிருந்தது. இந்தப் பாரத்துக்கு அந்த டயரை நம்பி அம்மாவைப் படுக்கவைக்க முடியாது.

அது ஆனி மாசம். காற்றாலைகள் நிற்கிற பொட்டல் வெளியில் பக்கக்காற்று தள்ளியது, உயரமான வேன் என்பதால் ஆடத்தான் செய்தது. ஆனால் ஸ்டீயரிங்கை விட்டுப் பிடித்தால் நேராக வந்தது. பிறகு புளியரை எஸ் வளைவு மேட்டில் ஏற்றினோம். மூன்றாவது கியரில் ஆக்ஸிலேட்டரை அமுக்கியதும் என்ஜின் சத்தம் ஏறியது, வேகம் ஏறவில்லை. கிளட்ச் நழுவுகிறது. சமதரையில் ஓட்டியிருந்தால் இது தெரிந்தே இருக்காது. மேட்டில் சாரல் பிடித்துக்கொண்டது, அதுவும் நல்லதாகவே போயிற்று. சோலார் பலகைக்குத் துளை போட்ட இடத்தில் கூரையிலிருந்து ஒரு சொட்டு, கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அதற்கு நேர் கீழே அலமாரியின் பிளைவுட் மூலை உப்பியிருந்தது. சாரல் இல்லாத காலத்தில் பார்ப்பவர்கள் வாட்டர் வாஷ் கடைக்கு ஓட்டிப்போய்க் கூரைமேல் தண்ணீர் அடிக்கச் சொல்லி, உள்ளே உட்கார்ந்து பாருங்கள்.

திரும்பும் வழியில் ஒரு எடை மேடையில் ஏற்றினோம். தண்ணீர்த் தொட்டியை முழுசாக நிரப்பி, எல்லோரும் உள்ளே இருந்தபடியே எடை போட்டோம். ஆர்.சி.யில் போட்டிருக்கிற மொத்த எடையைத் தாண்டுகிறதா என்று பார்க்கத்தான். உள்வேலை செய்பவர்கள் கனமான பலகையும் இரும்பும் போட்டுத் தள்ளிவிடுவார்கள், அப்புறம் பிரேக்கும் ஸ்பிரிங்கும் அழும். இதில் கணக்கு உள்ளே நின்றது. எடை மேடைக்குக் கொடுத்த சில்லறை மாதிரி உருப்படியான செலவு வேறொன்றும் இல்லை.

உள்ளே இருந்த பேட்டரியை மல்டிமீட்டரில் பார்த்தேன். இரவெல்லாம் சும்மா இருந்த 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி, முழு சார்ஜில் 12.6-க்குக் குறையக்கூடாது. இது 11.7. ஃபேனையும் விளக்கையும் போட்டதும் இன்னும் விழுந்தது. அது போய்விட்டது. கேஸ் டியூபில் அச்சிட்டிருந்த தேதியும் பழசு.

இப்போது விலை. மேலப்பாளையம் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்த பிறகுதானே மாட்டுக்கு விலை பேசுகிறோம், இங்கேயும் அதுவரை நான் தொகையே சொல்லவில்லை. அதே வருஷத்து டிராவலர், உள்வேலை இல்லாமல், ஓன் போர்டில் என்ன விலைக்குப் போகிறது என்று திருநெல்வேலியிலும் தென்காசியிலும் வெவ்வேறு ஆட்களிடம் முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்தேன். ஐந்தரையிலிருந்து ஆறரை வரை சொன்னார்கள். இந்த வண்டியில் துருவும் வெள்ளமும் இல்லை, எனவே ஆறேகால் என்று எடுத்துக்கொண்டேன். அதில் டயருக்கு 36,000, கிளட்ச்சுக்கு 24,000, பேட்டரிக்கு 18,000, கூரை ஒழுகலுக்கும் பிளைவுட்டுக்கும் 12,000 கழித்தேன். ஐந்து லட்சத்து முப்பத்தைந்து. உள்வேலையில் கழற்றி எடுத்து விற்கக்கூடியதற்கு மட்டும் பழைய சாமான் விலை போட்டேன்: சோலாரும் கன்ட்ரோலரும் 20,000, ஃபிரிட்ஜ் 15,000, தொட்டி, மோட்டார், டாய்லெட், ஃபேன் சேர்த்து 45,000. தச்சு வேலைக்கு ஒன்றும் போடவில்லை. அது அவர் வசதிக்குச் செய்தது, எனக்குக் கட்டிலின் உயரத்தை எப்படியும் மாற்ற வேண்டும். ஆர்.சி. ஒழுங்காக இருந்ததற்கு ஐம்பதாயிரம் கூட்டினேன். அது தாராளம் என்று சிலர் சொல்லலாம். அந்தக் காகிதத்துக்காக அவர் அலைந்த அலைச்சலை நான் அலைய வேண்டியதில்லை, அதற்கு விலை உண்டு. ஆக ஆறு லட்சத்து அறுபத்தைந்தாயிரம்.

இதை எல்லாம் வாய்க்கணக்காகச் சொல்லாமல் ஒரு தாளில் வரிசையாக எழுதி அவர் கையில் கொடுத்தேன். வாத்தியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விடைத்தாள் திருத்துகிற மாதிரி ஒவ்வொரு வரியாகப் படித்தார். பாலிசியில் ஐ.டி.வி., அதாவது வண்டிக்குப் போட்டிருக்கும் காப்பீட்டு மதிப்பு, கூடுதலாக இருக்கிறதே என்றார். ஐந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐ.டி.வி. என்பது கம்பெனியும் ஓனரும் பேசி வைத்துக்கொள்கிற தொகைதான், சந்தை விலை இல்லை என்று சொன்னேன். கிளட்ச் வரியில் விரலை வைத்து அண்ணாச்சியைப் பார்த்தார், அண்ணாச்சி தலையாட்டினார். ஃபிரிட்ஜ் வரியில் நின்றார். "இது வாங்கி ஒரு வருசங்கூட ஆகல தம்பி" என்று பில்லை எடுத்துவந்து காட்டினார். அவர் சொன்னது சரி, பதினைந்தாயிரம் கூட்டினேன். ஆறு எண்பதுக்கு முடிந்தது. யாரும் குரலை உயர்த்தவில்லை. வண்டியைக் குறை சொல்லிக் குறை சொல்லி அடிமாட்டு விலைக்குக் கேட்பது எனக்குப் பிடிக்காது. ஆசையாகச் செய்த வண்டியை ஒரு மனுஷர் கஷ்டத்தில் விற்கிறார், அவருக்கும் இது நியாயமான விலையாக இருக்க வேண்டும்.

பணத்தை வங்கி வழியாகவே கொடுத்தேன். அட்வான்ஸுக்கு அக்ரிமென்ட், வண்டி கைமாறிய அன்று தேதியும் மணியும் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்ட டெலிவரி நோட்டு. அந்த நிமிஷத்துக்கு முன்னால் வந்த அபராதம் அவருக்கு, பின்னால் வருவது எனக்கு. நிலுவையில் இ-சலான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டோம், அவர் பெயரில் இருந்த ஃபாஸ்டேகை அவரையே முடிக்கச் சொன்னேன். கடன் பாக்கி உள்ள வண்டி என்றால் கடன் தீர்ந்ததற்கான ஃபார்ம் 35-உம் பைனான்ஸ் கம்பெனியின் என்.ஓ.சி.யும் வராமல் முழுத் தொகையைக் கொடுக்கவே கூடாது.

பெயர் மாற்றத்துக்கு ஃபார்ம் 29, 30. விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள். பலர் கையெழுத்துப் போட்ட வெறும் ஃபார்மை வாங்கி வைத்துக்கொண்டு மாசக்கணக்காக ஓட்டுகிறார்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லியிருக்கிறது. இதைச் சொன்னதும் வாத்தியார் தானே ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு வருகிறேன் என்றார். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் நம் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டும். அவருடைய என்.சி.பி. அவருக்குத்தான், நமக்கு வராது. பிரீமியம் வித்தியாசம் கட்ட வேண்டியிருக்கும் என்று பட்ஜெட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி வீட்டுக்கு வந்ததும் பொங்கல் வைத்து, சந்தனம் வைத்து, அப்புறம் நேராக அண்ணாச்சியின் பட்டறைக்குத்தான் போனது. என்ஜின், கியர், கிரவுன் மூன்றுக்கும் புது ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், எல்லா ஃபில்டரும். டயரும் கிளட்ச்சும் மாறின. கூரைத் துளைகளைச் சுரண்டிப் புதுசாக சீலன்ட் வைத்தோம். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இல்லாமல் வயர் ஓடியிருந்தது, அதை முதல் வேலையாகச் சரிசெய்தோம். உள்வேலை செய்த எந்த வண்டி வாங்கினாலும் இதைப் பாருங்கள், தீப்பிடிப்பதற்கு அது ஒன்று போதும். கேஸ் டியூபும் ரெகுலேட்டரும் புதுசு, அஞ்சு கிலோ சிலிண்டர், சமைக்கும்போது கதவு திறந்தே இருக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம்.

கட்டிலை மட்டும் உடனே தொடவில்லை. முதலில் அம்மாவை வண்டியில் ஏற்றிப் பாளையங்கோட்டையிலிருந்து பாபநாசம் வரை போய்வந்தோம். "ஐயா, ஏறதுக்குத்தான் எட்டல, படுத்தா நல்லாத்தான் இருக்கு" என்றார். அதன்பிறகு தச்சரைக் கூப்பிட்டு அம்மாவின் முழங்கால் உயரத்துக்கு அளவெடுத்துக் கட்டிலை நாலு அங்குலம் இறக்கினோம், படிக்குப் பக்கத்தில் பிடிக்க ஒரு கம்பி வைத்தோம். வாங்கிய கையோடு உள்ளே எதையும் மாற்றாமல் ஒரு தடவையாவது ஓட்டிவிட்டு வாருங்கள். எது வேண்டும், எது இடைஞ்சல் என்று வண்டியில் படுத்துப் பார்த்தவர் சொல்வதைக் கேட்டுத் தச்சருக்கு வேலை கொடுங்கள்.